‘இலையுதிர்காலம்’ வகை என்றார்கள். பழுப்பு போட்டால் முகம் வாடுகிறதே, ஏன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். நீங்கள் மாநிறம், முடி கறுப்புக்கு ஒரு படி குறைவு, கண் பழுப்பு. ஒரு செயலியில் படத்தை ஏற்றியதும், நீங்கள் ‘இலையுதிர்காலம்’ வகை, சூடான மண் நிறங்கள்தான் உங்களுக்குப் பொருந்தும் என்று அது சொல்லிவிட்டது. நம்பிக் கடுகு மஞ்சளில் ஒரு சட்டையும் நடுத்தரப் பழுப்பில் இன்னொன்றும் வாங்கினீர்கள். எதைப் போட்டாலும் “உடம்பு சரியில்லையா?” என்று நாலு பேர் கேட்கிறார்கள். தோல், முடி, கண் நிறத்தைப் பார்த்து ஆளை ஒரு பருவத்தின் பெயரில் வகைப்படுத்தி உடை நிறம் சொல்லும் இந்தப் பருவக் கணக்கே பொய்யா, இல்லை வாங்கியதில் கோளாறா?

வாங்கியதில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். செயலி சொன்ன வகை சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். அதற்கு அப்புறம் வருகிறேன். ‘மண் நிறம்’ என்ற ஒரே பெயருக்குள் எத்தனையோ நிறங்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றில் மாநிறத் தோலுக்கு மிகவும் சிக்கலான இரண்டைத் தேடிப் பிடித்த மாதிரி வாங்கியிருக்கிறீர்கள். ஏன் சிக்கல் என்பதைச் சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

இந்த முறையின் வேர் ஓர் ஓவிய வகுப்பில் இருக்கிறது. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் 1919 முதல் 1923 வரை ஆசிரியராக இருந்தவர் சுவிஸ் ஓவியர் யோஹன்னஸ் இட்டென். பின்னாளில், 1928இல், தான் நடத்திய வகுப்பொன்றில் எல்லா மாணவர்களையும் ஒரே நிறச் சேர்க்கைகளைத் தீட்டச் சொன்னார். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. இது இசைவான சேர்க்கையே இல்லை என்று முணுமுணுத்தார்கள். சரி, அவரவருக்கு எது இசைவாகப் படுகிறதோ அதைத் தீட்டுங்கள் என்று விட்டுவிட்டார். வந்து சேர்ந்த தாள்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தன. ஆனால் ஒவ்வொரு தாளுக்கும், அதைத் தீட்டியவரின் தோல், முடி, கண் நிறத்துக்கும் ஏதோ ஓர் உறவு இருப்பதாக அவருக்குப் பட்டது. நான்கு பருவங்களுக்கு நான்கு நிறத் தொகுப்புகள் என்பதும் அவர் பாடத்தில் உண்டு. அதை உடைப் பக்கம் கொண்டுபோய்ப் பெரிதாக்கியது அமெரிக்கா. 1980இல் கரோல் ஜாக்சன் எழுதிய புத்தகம் பெரிய அளவில் விற்று, ‘நான் வசந்தம், நீ குளிர்காலம்’ என்பதை வீட்டுப் பேச்சாக்கியது. நான்கு பெட்டி போதவில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொன்றையும் மூன்றாகப் பிரித்து 12 ஆக்கினார்கள்.

பருவப் பெயர்கள் கேட்க அழகாக இருக்கின்றன, அவ்வளவுதான். அவற்றுக்கு அடியில் இருப்பவை மூன்றே கேள்விகள். இந்த நிறம் மஞ்சள் பக்கம் சாய்கிறதா (இதைத்தான் ‘சூடு’ என்பார்கள்), நீலப் பக்கம் சாய்கிறதா (இது ‘குளிர்ச்சி’)? வெளிறியதா, அடர்ந்ததா? பளிச்சென்று இருக்கிறதா, மங்கலாக இருக்கிறதா? ஒரு நிறத்தை மூன்று அளவுகளால் குறிக்கலாம் என்ற இந்த யோசனையை ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் 1905இலேயே முறைப்படுத்தி வெளியிட்டார். பருவக் கணக்கு அதன் மேல்தான் நிற்கிறது. இலையுதிர்காலம் என்றால் மஞ்சள் சாயல், கொஞ்சம் மங்கல், நடுத்தரம் முதல் அடர்த்தி வரை. அதற்குள் மூன்று பிரிவு: மங்கல் தூக்கலாக இருந்தால் மென் இலையுதிர், சூடு தூக்கலாக இருந்தால் அசல் இலையுதிர், அடர்த்தி தூக்கலாக இருந்தால் அடர் இலையுதிர். முதலாவது கோடையை ஒட்டியிருக்கிறது, இரண்டாவது வசந்தத்தை, மூன்றாவது குளிர்காலத்தை.

உங்கள் செயலி முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது. நீங்களும் அதை மட்டும் வைத்துக்கொண்டு கடைக்குப் போனீர்கள். மாநிறத்துக்கும் அதைவிடக் கருத்த தோலுக்கும் மற்ற இரண்டு கேள்விகள்தான் பெரிது. அதற்குக் காரணம், தோலே ஒரு மண் நிறம் என்பது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழுப்பு என்பது தனி நிறமே அல்ல. ஒளி குறைந்த ஆரஞ்சு. நல்ல இருட்டு அறையில் ஒரு பழுப்புத் துண்டின் மேல் மட்டும் விளக்கு விழும்படி வைத்து, சுற்றி வேறு எதுவும் கண்ணில் படாமல் பார்த்தால் அது ஆரஞ்சாகத் தெரியும். பக்கத்தில் அதைவிட வெளிச்சமான பொருள் ஒன்று வந்ததும் மறுபடி பழுப்பாகிவிடும். ஆலிவ் பச்சையும் அப்படித்தான்: ஒளி குறைந்த மஞ்சள். துரு, செங்கல், காவி எல்லாம் இதே குடும்பம். நிலத்தில் கிடைக்கும் காவிக்கல்லின் நிறமே இரும்பிலிருந்து வருகிறது. மஞ்சள் காவியைச் சுட்டால் அதில் பிணைந்திருக்கும் நீர் போய்ச் செங்காவி ஆகும். மாங்கனீசு கூடினால் கரும்பழுப்புப் பக்கம் போகும்.

இப்போது தோலைப் பாருங்கள். கரும்பழுப்பான யூமெலனின், செம்மஞ்சளான ஃபியோமெலனின் என்ற இரண்டு மெலனின் நிறமிகள், அடியில் ஓடும் ரத்தத்தின் சிவப்பு, கொஞ்சம் கரோட்டின் மஞ்சள். எல்லாம் சேர்ந்து எங்கே போய் நிற்கிறது என்றால், உலகத்தில் யாருடைய தோலாக இருந்தாலும் ஆரஞ்சுக்கு அக்கம்பக்கத்தில்தான். வெளுத்த தோல் வெளிர் ஆரஞ்சு, கருத்த தோல் ஒளி மிகக் குறைந்த ஆரஞ்சு. மாநிறம் நடுவில் இருக்கிறது, அதாவது கடையில் ‘நடுத்தரப் பழுப்பு’ என்று விற்கும் துணி இருக்கும் அதே இடத்தில்.

நீங்கள் வாங்கிய பழுப்புச் சட்டையின் கதை அதோடு முடிந்தது. சட்டையும் கழுத்தும் ஒரே குடும்பம், ஒரே அடர்த்தி. எங்கே துணி முடிகிறது, எங்கே தோல் தொடங்குகிறது என்று தூரத்திலிருந்து தெரியாது. முகத்துக்கு ஓர் எல்லை வேண்டும். அது இல்லாதபோது முகம் கலங்கித் தெரியும். இதே சட்டையை வெளுத்த தோல்காரர் ஒருவர் போட்டால் மிக நன்றாக இருக்கும், ஏனென்றால் அவருக்கு அது தெளிவாக ஒரு படி அடர்த்தி. ‘இலையுதிர் வகைக்குப் பழுப்பு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் படங்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவரை வைத்தே எடுக்கப்பட்டவை.

கடுகு மஞ்சளின் கோளாறு வேறு மாதிரி. இதைப் புரிந்துகொள்ள இன்னும் பின்னால் போக வேண்டும். பாரிஸில் கோபலான் என்ற அரசு நெசவுச்சாலை இருந்தது (இன்றும் இருக்கிறது). அதன் சாயப் பிரிவுக்கு 1824இல் தலைமை ஏற்றவர் மிஷேல் யூஜேன் செவ்ரல் என்ற வேதியியலாளர். அவரிடம் வந்த புகார்களில் ஒன்று: நீல, ஊதா துணிமடிப்புகளின் நிழலுக்குப் போடும் கறுப்பு நூல் கறுப்பாகவே இல்லை, சாயம் சரியில்லை. அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. நீலத்துக்குப் பக்கத்தில் வைத்ததால்தான் கறுப்பு வலுவிழந்து தெரிந்தது. பக்கத்தில் இருக்கும் நிறம், தனக்கு எதிரான நிறத்தின் சாயலை அண்டை நிறத்தின் மேல் ஏற்றிவிடுகிறது என்று 1839இல் பெரிய நூலாகவே எழுதினார். உடை நிறம் தோலை எப்படி மாற்றிக் காட்டுகிறது என்பதையும் அதில் விவாதித்திருக்கிறார். என் கணக்கில் உடை நிற ஆலோசனைக்கெல்லாம் பாட்டனார் அவர்தான். பருவங்கள் பிறகு வந்த அலங்காரம்.

மஞ்சளுக்கு எதிர் ஊதா. முகத்துக்குக் கீழே பளிச்சென்ற மஞ்சள் வந்தால், கண்ணுக்கு அடியில் ஏற்கெனவே இருக்கும் ஊதா கலந்த கருமை, வாயோரத்து நிழல் எல்லாம் ஒரு பிடி தூக்கலாகத் தெரியும். இது ஒரு விளைவு. இன்னொன்று நேர் எதிரானது: துணியில் படும் வெளிச்சம் துள்ளித் தாடையிலும் கழுத்திலும் விழும், அங்கே துணியின் நிறத்தையே பூசும். கடுகு மஞ்சளில் பெரும்பாலும் ஒரு பச்சைக் கலப்பு இருக்கிறது. அது தாடையில் விழுந்தால் என்ன ஆகும்? மேலே கண்ணடியில் ஊதா, கீழே தாடையில் பச்சை மஞ்சள். சங்கப் பாடல்களில் பிரிவால் வாடிய பெண்ணின் மேனியில் படரும் பசலை என்று வருமே, அதைக் காசு கொடுத்து வாங்கிய மாதிரி. உங்களை நாலு பேர் விசாரித்ததில் ஆச்சரியம் இல்லை.

கடுகு மஞ்சள் மாநிறத்துக்கு ஆகவே ஆகாது என்று இதற்குப் பொருள் இல்லை. பச்சை குறைந்து ஆரஞ்சு கூடிய மஞ்சள், அதாவது நன்றாகப் பழுத்த மாம்பழச் சதையின் நிறம், பலருக்கு அற்புதமாக இருக்கும். கடையில் இரண்டையும் ஒரே பெயர் சொல்லித்தான் விற்பார்கள். பெயரைக் கேட்காதீர்கள், அந்தத் துணியைச் சுத்தமான எலுமிச்சை மஞ்சளுக்கும் சுத்தமான ஆரஞ்சுக்கும் நடுவில் வைத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.

சரி, உங்களுக்கு எது என்று கண்டுபிடிப்பது எப்படி? நான் துணிக்கு நிறம் தேர்ந்து கொடுக்கும் வேலையில் இருப்பவன். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கும் சோதனையை எப்போதோ விட்டுவிட்டேன். நரம்புக்குள் ஓடுவது கருஞ்சிவப்பு ரத்தம். தோல் வழியாக ஒளி உள்ளே போய்ச் சிதறித் திரும்புவதால் அது நீலமாகவோ பச்சையாகவோ தெரிகிறது. நரம்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, மேலே மெலனின் எவ்வளவு என்பதைப் பொறுத்து அது மாறும். மாநிறத்துக்கு மேல் போனால் அநேகமாக எல்லாருக்கும் பச்சை மாதிரித்தான் தெரியும். அதை வைத்து ‘சூடு’ என்று முடிவுகட்டினால் உலகில் பாதிப் பேர் சூடுதான். தங்கமா வெள்ளியா என்ற சோதனை கொஞ்சம் தேவலாம், ஆனால் பழக்கம் கண்ணை ஏமாற்றும்: சிறு வயதிலிருந்து தங்கம் போட்டவருக்குத் தங்கம்தான் அழகாகத் தெரியும்.

துணியை நேராக முகத்தடியில் வைத்துப் பார்ப்பதுதான் சோதனை. வெயில் நேரடியாக விழாத ஜன்னல் பக்கம், பகல் நேரம், அறை விளக்கை அணைத்துவிட்டு, முகத்தில் ஒன்றும் பூசாமல். முடிக்குச் சாயம் போட்டிருந்தால் ஒரு வெள்ளைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். பின்னால் சுவர் பளிச்சென்ற நிறமாக இருக்கக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே செங்கல் சுவரோ பெரிய மரமோ இருந்தால் அதன் நிறமும் உள்ளே வரும். ஒருமுறை ஒரு பச்சை வெய்யில்தட்டிக்குக் கீழே உட்கார்ந்து ஒருவருக்கு முழு நிறப் பட்டியலையும் தப்பாகக் கொடுத்திருக்கிறேன், என் தவறுதான்.

ஒரு நிறத்தைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எப்போதும் ஜோடியாகப் பாருங்கள். ஒன்றை எடுத்த கையோடு மற்றதை வையுங்கள். தூய வெள்ளைக்கு எதிராகத் தந்த வெள்ளை. கறுப்புக்கு எதிராகச் சாக்லேட். நீலம் கலந்த ரோஜாச் சிவப்புக்கு எதிராகத் தக்காளிச் சிவப்பு. மரகதப் பச்சைக்கு எதிராக ஆலிவ். துணியைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். சொல்ல எளிது, செய்யக் கடினம். நல்ல துணி கையில் இருந்தால் கண் தானாக அதன் மேல்தான் போகும். கண்ணடிக் கருமை கூடுகிறதா குறைகிறதா, தாடையின் கோடு தெளிகிறதா கரைகிறதா, உதட்டில் ரத்தம் தெரிகிறதா இல்லையா. இந்த மூன்று போதும். பொருந்தாத நிறத்தில் முதலில் துணி தெரியும், அப்புறம்தான் நீங்கள்.

இரண்டாவது சோதனை கைபேசியில், இது மாநிறத்துக்கு மிக உதவும். துணியை முகத்தடியில் வைத்துப் படமெடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். முகமும் துணியும் ஒரே சாம்பலாக இருந்தால் அந்தத் துணியைக் கீழே வைத்துவிடலாம். துணி தெளிவாக ஒரு படி வெளுத்தோ ஒரு படி கருத்தோ இருந்தால் தாராளமாக மேலே பேசலாம். நிறத்தின் சூடு குளிர்ச்சியைக் கைபேசிப் படத்தில் பார்க்காதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் வெள்ளைச் சமநிலையை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறங்களைச் சரிசெய்வதை, கருவி தானாகச் செய்துகொள்கிறது. மஞ்சள் சட்டையோடு எடுத்தால் எல்லாவற்றையும் கொஞ்சம் நீலமாக்கி ஈடுகட்டப் பார்க்கும். உங்கள் செயலிக்கும் இதே சிக்கல்தான். மஞ்சள் விளக்கடியில் எடுத்த படத்தைக் கொடுத்தால் யாராக இருந்தாலும் இலையுதிர்காலம்தான்.

கடை விளக்கும் அதே ரகம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். மஞ்சள் விளக்கு ஏறத்தாழ 2,700 கெல்வின், மேகமூட்டப் பகல் வெளிச்சம் 6,500 கெல்வின் சுமாருக்கு. முதலாவதில் துரு நிறம் நெருப்பாக எரியும். வாசலுக்குக் கொண்டுவந்தால் வாடிய செங்கல்லாக இருக்கும். மண் நிறத் துணியை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

இனி நிறங்களுக்கு வருவோம். தோலின் அடர்த்தியைச் சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும் என்றால், சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கி 2022இல் கூகுள் வெளியிட்ட 10 படி அளவுகோல் இருக்கிறது. அதில் நடுப்படிகளில் இருப்பவர் மண் நிறங்களில் நடுத்தரத்தை விட்டு இரண்டு பக்கமும் விலக வேண்டும். ஒரு பக்கம் தந்தம், சந்தனம், வெளிர் ஒட்டக நிறம். மறுபக்கம் கருஞ்சாக்லேட், அரக்கு, கரும்பாசிப் பச்சை. நடுத்தர அடர்த்தியிலேயே வேண்டும் என்றால் நிறத்தில் சத்து வேண்டும்: துரு, மிளகாய்ப்பழச் சிவப்பு, சுட்ட செங்கல். அதாவது தோலிலிருந்து அடர்த்தியில் விலகு, இல்லையேல் பளிச்சில் விலகு. இரண்டிலும் விலகாத துணி முகத்தைத் தின்றுவிடும்.

துரு நிறத்தைப் பற்றி நாலு வரி கூடச் சொல்ல ஆசை. மண் நிறங்களில் மாநிறத்துக்கும் கருந்தோலுக்கும் இதைவிட நம்பகமான ஒன்றை நான் பார்த்ததில்லை. சிவப்பு இருப்பதால் தாடையில் துள்ளி விழும் ஒளி ரத்தவோட்டம் மாதிரித் தெரிகிறது. ஆரஞ்சு இருப்பதால் தோலின் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. பளிச்சு இருப்பதால் தோலோடு கலந்தும் போகவில்லை. தோல் கருக்கக் கருக்கத் துருவும் சிவப்புப் பக்கம் நகர வேண்டும், வெளுக்க வெளுக்கப் பழுத்த பீச் பழத்தின் நிறம் நோக்கி. நிறம் பிடிக்கத் தெரியாதவர்கள் கேட்டால் நான் முதலில் எடுத்துக் கொடுப்பது துருதான். கடுகை எடுத்துக் கொடுத்ததே இல்லை.

ஆலிவ் பச்சை இதற்கு எதிர்ப்புறம். ஆலிவில் மஞ்சள் அதிகமானால் மஞ்சள் செய்யும் அத்தனை வேலையையும் அதுவும் செய்யும். கரும்பாசி வரை அடர்த்தி ஏறினால் பிரச்சினை போய்விடும். பச்சைக்கு எதிர் சிவப்பு என்பதால், பச்சை அடர்ந்து இருக்கும்போது முகத்தில் லேசான சிவப்பு ஏறித் தெரியும். ஏற்கெனவே முகத்தில் பருவோ சிவந்த திட்டுகளோ இருப்பவர்களுக்கு அது வேண்டாத உபகாரம், மற்றவர்களுக்கு நல்லது.

மண் நிறம் என்றதும் நீலத்தை முழுக்க ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். அது தேவையே இல்லை. ஆரஞ்சுக்கு நேர் எதிர் நீலம்தான். அதில் கொஞ்சம் பச்சை கலந்து, மயில் கழுத்து நிறமாக, அடர்ந்து வந்தால் தோலின் செம்மை எழுந்து நிற்கும். இலையுதிர்ப் பட்டியல்களில் இந்தப் பச்சை நீலம் எப்போதும் இருக்கிறது, ஆனால் ‘மண்’ என்ற சொல்லின் மயக்கத்தில் அதை யாரும் வாங்குவதில்லை. நான்கு பழுப்பும் ஒரு மயில் கழுத்தும் இருந்தால், பாராட்டு முழுவதும் அந்த ஒன்றுக்குத்தான் வரும்.

கறுப்பு போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எல்லாரும் அடுத்துக் கேட்பது அதுதான். அடர் இலையுதிர் என்றால் போடலாம். அது குளிர்காலத்தை ஒட்டிய வகை, முடியும் கண்ணும் கறுப்பைத் தாங்கும். மென் இலையுதிரென்றால் கறுப்புக்குப் பதில் சாக்லேட். ஆனால் கறுப்பை விட்டே ஆக வேண்டும் என்று சட்டம் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை. கழுத்து கொஞ்சம் இறங்கிய கறுப்புச் சட்டை எல்லாருக்கும் நடக்கும்.

முறையின் மேல் எனக்கு இருக்கும் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஆரம்பகாலப் புத்தகங்கள் கருந்தோல்காரர்களையும் மாநிறத்தவரையும் பெரும்பாலும் குளிர்காலம் என்ற ஒரே பெட்டியில் அள்ளிப் போட்டன. கறுப்பு முடி, கறுத்த கண், ஆகவே குளிர்காலம் என்று வாதம். உலகின் பெரும்பகுதியை ஒரு பெட்டியில் போட்டுவிட்டு மீதியை மூன்றாகப் பகுத்தால் அது பகுப்பாய்வா? இப்போது அதற்குப் பிராயச்சித்தம் மாதிரி, கொஞ்சம் மஞ்சள் தெரிந்தாலே இலையுதிர் என்கிறார்கள். இரண்டுமே முடியையோ தோலையோ தனியாகப் பார்க்கும் தவறு.

ஆதாரம் என்று பார்த்தால், உடை நிறத்துக்கும் தோலுக்கும் உறவு இருக்கிறது என்பதற்குக் கொஞ்சம் உண்டு. பன்னிரண்டு பெட்டிகளுக்கு இல்லை. டேவிட் பெரட், ரைனர் ஸ்ப்ரெங்கல்மேயர் என்ற உளவியலாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், பார்வையாளர்கள் 12 பெண்களின் முகப் படங்களுக்குக் கணினியில் உடை நிறம் தேர்ந்தார்கள். முகங்களில் ஆறு வெளுத்தவை, ஆறு சற்றுக் கருத்தவை. பொதுவாகச் சிவப்பும் நீலமும்தான் எல்லாருக்கும் பிடித்தன. அதற்குள் வெளுத்த தோலுக்கு நீலமும் கருத்த தோலுக்கு ஆரஞ்சு கலந்த சிவப்பும் கூடுதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. அந்த முகங்கள் எல்லாமே வெள்ளையினப் பெண்களுடையவை. அதனால் மாநிறத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் துரு நிறத்தின் மேல் எனக்கிருக்கும் பாசத்துக்கு அது கொஞ்சம் தெம்பு.

வயதைப் பற்றியும் ஒன்று. முடி நரைத்தால் பருவம் மாறிவிடுமா? தோலின் சாயல் பெரிதாக மாறாது, ஆனால் முகத்தைச் சுற்றியிருந்த கறுப்புச் சட்டம் போய்ச் சாம்பல் சட்டம் வந்துவிடுகிறது. முன்பு தாங்கிய அடர் அரக்கும் கருஞ்சாக்லேட்டும் இப்போது கனமாகத் தெரியலாம். அதே நிறத்தில் ஒரு படி மங்கலாகப் போனால் சரியாகிவிடும். நரையை மறைக்கச் செம்பட்டைச் சாயம் போடுபவர்கள் கவனிக்க வேண்டும்: அந்தச் சாயத்துக்குப் பொருந்தும் நிறமும் தோலுக்குப் பொருந்தும் நிறமும் ஒன்றாக இல்லாமல் போகலாம். அப்போது நான் தோலின் பக்கம் நிற்பேன்.

துணியின் ரகமும் இதில் பாதி. மண் நிறங்களுக்கு மேற்பரப்பில் கொஞ்சம் மேடு பள்ளம் இருந்தால்தான் உயிர் வரும். லினன், கைத்தறிப் பருத்தி, கம்பளி, கார்டுராய், முறுக்கு தெரியும் பட்டு இவற்றில் ஒரே பழுப்பு பத்துப் பழுப்பாகத் தெரிகிறது. ஒவ்வொரு இழையிலும் ஒரு நிழல், ஒரு வெளிச்சம். அதே பழுப்பை வழவழப்பான மெல்லிய பாலியெஸ்டரில் போட்டால் அட்டைப்பெட்டி. பளிச்சென்ற நிறம் மட்டமான துணியிலும் தப்பித்துக்கொள்ளும். மங்கலான நிறம் தப்பாது. அதனால் மண் நிறத்தில் இரண்டு சட்டை வாங்கும் பணத்துக்கு ஒன்று வாங்குவது மேல். உங்கள் பழுப்புச் சட்டை எந்தத் துணி என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம்.

வாங்கிய இரண்டையும் என்ன செய்வது? செவ்ரல் சொன்ன வேலையெல்லாம் முகத்துக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது. மார்புக்குக் கீழே எந்த நிறம் இருந்தாலும் முகத்துக்கு ஒன்றும் ஆகாது. அதனால் பழுப்புச் சட்டையைப் பொத்தான் போடாமல் மேலே தளர்வாகப் போட்டு, உள்ளே கழுத்தை ஒட்டித் தந்த வெள்ளையில் ஒரு பனியன். அந்த வெள்ளைக் கீற்று தோலுக்கும் துணிக்கும் நடுவே எல்லை போட்டுவிடும். கடுகு மஞ்சளைக் காப்பாற்றுவது கொஞ்சம் கடினம். கழுத்தில் துரு நிறத்திலோ மயில் கழுத்து நிறத்திலோ ஒரு துணி சுற்றிக்கொண்டு போட்டுப் பாருங்கள். அப்படியும் நாலு பேர் விசாரித்தால், உங்களைவிட நன்றாக வெளுத்தோ நன்றாகக் கருத்தோ இருக்கும் ஒரு நண்பருக்குக் கொடுத்துவிடுங்கள். கருத்த தோலில் அந்தக் கடுகு விளக்குப் போட்ட மாதிரி இருக்கும். கொடுத்த அன்றே உங்களுக்குத் திரும்ப வாங்கத் தோன்றும், வாங்காதீர்கள்.